வேலியில் கட்டிய துணி

ஜிபர் எவருக்கும் பயந்தவள் இல்லை, எர்கேஷின் ஆடுகளைத் தவிர. ஊர்க்காட்டுக்கு வேலி என்று பேருக்குத்தான் இருந்தது. அதில் ஒரு ஓட்டை. அதன் வழியாக அவை நுழைந்து, அவள் நட்ட வால்நட் கன்றுகளின் கொழுந்தை ருசி பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

ஊர்க்காட்டைப் பார்த்துக்கொள்ள ஊரே கூடி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. மேல்சரிவில் நிற்கும் பெரிய மரங்கள் போர் முடிந்த வருடம் நட்டவை. புருஷன் திரும்பிவராத பெண்கள் இருபத்தேழு பேர் ஆளுக்குப் பத்துக் கன்று வைத்து, ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வளர்த்தார்கள். கீழ்ச்சரிவு நாலு வருடத்துக்கு முன் நெருப்பில் போனது. அங்கேதான் முந்நூறு கன்றுகள் வைத்திருந்தாள் ஜிபர். அக்டோபரில் வன அலுவலக ஆள் வந்து எண்ணுவார். இருநூறுக்குக் குறைந்தால் காடு ஊரின் கையை விட்டுப் போய்விடும்.

எர்கேஷிடம் கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். 'ஆடு விடக் கூடாது' என்று பலகை எழுதி வைத்தும் பார்த்தாள்.

"ஆட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுக்கா, பலகை வெச்சா எப்படிப் படிக்கும்?" என்று சிரித்தான் அவன்.

ஒருநாள் விடியற்காலையில், ஓட்டைக்குப் பக்கத்து முள்மரத்தில் பூப்போட்ட துணியைக் கிழித்து ஏழு முடிச்சுப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வீட்டுக்கு வந்துவிட்டாள். துணி கட்டிய மரம் என்றால் புனித இடம். அங்கே ஆட்டை ஓட்டிப்போக எவனுக்கும் துணிச்சல் வராது. வரவுமில்லை. எர்கேஷே குதிரையை விட்டிறங்கிக் கையேந்தி வேண்டிக்கொண்டு போனான்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பதினைந்தே நாளில் மரம் முழுக்கத் துணி. வெள்ளிக்கிழமை வந்தால் பெண்கள் கெட்டிலும் எண்ணெய்ச் சட்டியுமாக வந்து, கன்றுகளுக்கு நடுவே அடுப்பு மூட்டிப் பணியாரம் பொரித்தார்கள். பதினோரு கன்றுகள் மிதிபட்டன. ஆடே தேவலை என்றாகிவிட்டது ஜிபருக்கு.

"இங்க நெருப்பு ஆகாது! துணியும் போதும். வேண்டிக்கிறவங்க ஓடையிலேர்ந்து ஒரு வாளி தண்ணி கொண்டாந்து ஒரு கன்னுக்கு ஊத்தணும்!" என்று கூசாமல் அறிவித்தாள்.

ஊத்தினார்கள். அந்தக் கோடையில் மழையே இல்லை, ஆனாலும் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்தன. ஜிபருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்டில் எர்கேஷ் வர ஆரம்பித்தான். தினமும் இரண்டு வாளி. அவன் மனைவி ஓஷ் நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். சட்டை நனைந்து அவன் மேடேறி வருவதை நாலு நாள் பார்த்தாள் ஜிபர். ஐந்தாம் நாள் தாங்கவில்லை.

"வாளிய கீழ வை தம்பி. அந்தத் துணிய கட்டினது நான்தான். உன் ஆட்டத் தடுக்கத்தான் கட்டினேன். இங்க சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எர்கேஷ் நிதானமாக ஒரு வாளியைக் கவிழ்த்து முடித்தான்.

"தெரியும்க்கா. அது உங்க சமையல்கட்டு ஜன்னல்ல பத்து வருஷமா தொங்குன திரை. ஊருக்கே தெரியும்."

ஜிபருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்புறம் எதுக்குய்யா சுமக்கிற?"

அவன் மேல்சரிவைக் காட்டினான். "அந்த மூணாவது வரிசை எங்க பெரியம்மா வெச்சது. பெரியப்பா வரணும், வரணும்னு சொல்லிச் சொல்லியே தண்ணி ஊத்துனாங்களாம். அவங்கள்லாம் வேண்டிக்கிட்ட இடம்க்கா இது. நீங்க சும்மா துணிதான் கட்டுனீங்க."

ஜிபருக்குக் கண் நிறைந்தது. ஊரை ஏமாற்றிவிட்டோம் என்று ஒரு கோடை முழுக்க நினைத்திருந்தவள், தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிரம்பியிருந்த இரண்டாவது வாளியைத் தூக்கினாள்.

"உன் பொண்டாட்டி பேரு என்ன, முழுசாச் சொல்லு," என்றாள்.