தலகாணி போட்டு வச்ச சீட்

1.

இந்தக் கதை ஒரு தலகாணியில தொடங்கிச்சு. சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டல் வாசல்ல புது பஸ் ஒண்ணு நின்னுச்சு. உள்ள ஒரு ஆள் இல்ல. ஜன்னல் சீட்டுல மட்டும் பூப்போட்ட உறையோட ஒரு தலகாணி. பாத்ததுமே நோட்டை எடுத்துட்டேன். எழுதாம விட்டா தூக்கம் வராது.

நான் அந்த ஹோட்டல்ல பிரொஜெக்ட் கோடினேட்டர். பேர்தான் பெருசு. மனிதவள முகாமையாளர் அம்றா மிஸ்ஸுக்கும் செயற்பாட்டு முகாமையாளர் ஜெராட் சேருக்கும் நடுவுல ஓடுறதுதான் வேலை. கூட்டம் கூட்டுவேன், ஞாபகப்படுத்துவேன், கெஞ்சுவேன். முடிவு மட்டும் எடுக்கமாட்டேன்.*

(* சேர்ந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க: “ஒங்க வேல உதவி. முடிவு எங்களோடது.” நானும் பெருசா தலையாட்டிட்டேன்.)

2.

முதல்ல இப்படித் தொடங்கினேன்: ‘பணியாளர் போக்குவரத்துத் திட்டமானது மனிதவளத்தையும் செயற்பாட்டையும் ஒருங்கிணைத்து...’ சீ, இது அறிக்கை. யாரு படிப்பா?

அப்புறம்: ‘ஷெனாலி அழகி.’ அழகிதான், ஆனா கதைக்கு அது வேணாம். வேண்டியது இதுதான். லோண்டரியில வேல செய்யிற ஷெனாலிக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகல. புருஷன் கிறிஸ்டியன் அலுவிகாரை வீட்டுல, இவ ஹோட்டல் குவாட்டஸ்ல. லீவு கெடச்சாத்தான் வீடு. வேல செய்றவங்களை வீட்டுல கொண்டு விடுற இந்த பஸ் ஓடினா தினமும் போகலாம்.

“அவருகூட ஒக்காந்து சூடா சோறு திங்கணும் மிஸ். வேற ஒண்ணும் வேணாம்,” னு சொன்னா. சொல்லிட்டு, மடிச்சுக்கிட்டிருந்த பெட்ஷீட்டை மூஞ்சிக்கு இழுத்துக்கிட்டா.

எனக்கே ஏக்கமாப் போச்சு. எனக்காக யாரும் சோத்தைச் சூடாக்கி வச்சுக்கிட்டு காத்திருந்ததில்ல. (இந்த வரியை அடிச்சிரணும்.)

3.

இப்ப அந்த ரெண்டு பெரியவங்க. பஸ் பேச்சு எடுத்த நாள்ல இருந்து எலியும் பூனையும்தான். ஷிஃப்ட் சாயந்தரம் ஆறு மணிக்கு முடியும், பஸ் ஏழு மணிக்குத்தான். ஒரு மணித்தியாலம் ஆளுங்க வாசல்ல சும்மா நிக்கணும். “யாராச்சும் விட்டுக்குடுங்களேன்,” னு ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாக் கெஞ்சினேன்.

விட்டுக்குடுத்தாங்க. ரெண்டு பேருமே! பஸ் ஓடுற மொத நாள் காலையில, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம, எனக்கும் சொல்லாம. அம்றா மிஸ் பஸ்ஸை ஏழுல இருந்து ஆறுக்கு மாத்திட்டாங்க. ஜெராட் சேர் ஷிஃப்ட்டை ஏழு வரைக்கும் நீட்டிட்டார்.

(இவ்வளவு நல்லவங்களான்னு எனக்கே சந்தேகம். மாத்தி எழுதிப் பாத்தேன். கெட்டவங்களாவும் வரமாட்டேங்குறாங்க.)

4.

அன்னிக்குக் காலையில ஷெனாலி குவாட்டஸைக் காலி பண்ணிட்டா. பஸ்ல எடம் பிடிக்கத் தலகாணியை ஜன்னல் வழியாப் போட்டுட்டு வேலைக்கு ஓடினா.

சாயந்தரம் ஆறு மணிக்கு டிரைவர் றிகாஸ் எஞ்சினைப் போட்டான். லோண்டரியில மெஷின் இன்னும் சுத்துது.

நிப்பாட்டி வைக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். “போற வழியில நாலந்தாவுல, நம்ம ஹோட்டல் மரக்கறித் தோட்டத்து பொம்பளைங்க இந்த பஸ்ஸுக்காக மழையில நிக்கிறாங்க மிஸ்,” ன்னான்.

ரெண்டு பேர்கிட்டயும் ஓடினேன். “பஸ்ஸை நான் விட்டுக்குடுத்தாச்சு. ஷிஃப்ட் அவர் பொறுப்பு, அவர்கிட்ட கேளுங்க,” ன்னாங்க அம்றா மிஸ். “ஷிஃப்ட்டை நான் விட்டுக்குடுத்துட்டேன். பஸ்ஸை அவங்ககிட்ட கேளுங்க,” ன்னார் ஜெராட் சேர்.

5.

ஒரு முடிவு: பஸ் போயிருது. அலுவிகாரை பஸ் ஹோல்ட்டுல கிறிஸ்டியன் தலை சீவிக்கிட்டு நிக்கிறான். றிகாஸ் கதவைத் திறந்து தலகாணியை அவன் கையில குடுக்கிறான். அவன் அதை... இல்ல, முடியல.

இன்னொண்ணு: பஸ் நிக்குது. ஷெனாலி சிரிச்சுக்கிட்டே ஏறுறா. நாலந்தாவுல நனையிறவங்களுக்கும் வீட்டுல யாரோ சோறு வச்சிருப்பாங்கதானே?

மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது: நான் லோண்டரிக்குள்ள போய், “நீ போடி, மிச்சத்தை நான் மடிக்கிறேன்,” னு சொல்றேன். எழுத ஆரம்பிச்சேன். பாதியில கை நின்னுருச்சு. யாரைக் கேட்டு அவளை அனுப்புனேன்னு நாளைக்குக் கேப்பாங்களே! என் சொந்தக் கதையிலகூட எனக்குப் பயம் போகல, பாருங்க.

6.

நெசத்துல என்னாச்சுன்னு கேக்காதீங்க. இங்க, இந்தக் கதையில, பஸ் இன்னும் போகல. ஷெனாலி லோண்டரி வாசல்ல ஈரத் துண்டோட நின்னு என்னையே பாக்குறா.

என் வேலையை நான் செஞ்சிட்டேன். கூட்டத்தைக் கூட்டிட்டேன், விஷயத்தை எடுத்து வச்சிட்டேன். முடிவு எடுக்க வேண்டியவங்க, இதைப் படிக்கிற நீங்க.

“போகவா மிஸ்?” னு றிகாஸ் கேக்குறான்.

சொல்லுங்க. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க, அவ பாத்துக்கிட்டு இருக்கா.