குதிரை அட்டை

சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த புத்தகங்களில் மேலாக இருந்ததைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கையிலிருந்த பொரித் தட்டைச் சோபாவில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதிப் பொரி தரையில் கிடந்தது.

"அம்மணி, இதை ஆரு இங்க வெச்சது?"

"நான்தானுங்க. ஏனுங்க?"

"கவரு எங்க?"

"பிளாஸ்டிக் கவரோட சாமிக்கு வெப்பாங்களா? கத்தரிச்சு எடுத்துப்போட்டேன்."

சரஸ்வதி பூஜைக்கு வைத்த எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரி அதற்கும் மேல் மூலையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னுடைய பத்தாம் வகுப்புப் புத்தகம், அவருடைய மோட்டார் கம்பெனி டைரி எல்லாம் கீழே. இந்த மனிதர் உசுராக வைத்திருக்கிறாரே, இதற்கும் ஒரு பொட்டு வைத்தால் நல்லதுதானே என்றுதான் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், வேறு எண்ணமே கிடையாது.

அது ஒரு காமிக்ஸ். 'பாலைவன ஷெரிப்' என்று பெயர். கடையில் கிடைக்கிற சாதாரண அட்டையில் ஷெரிப் துப்பாக்கியோடு பாய்ந்து வருவார். இவர் வைத்திருப்பது வேரியன்ட் கவர், அதாவது அதே புத்தகத்துக்கு வேறு படம் போட்ட அட்டை. ஷெரிப்பைக் காணோம். மழையில் ஒரு குதிரை மட்டும் தனியாக நிற்கும். உள்ளே அதே கதை, அதே பக்கங்கள், அதே துப்பாக்கிச் சத்தம். அட்டைக்காக ஒரே புத்தகத்தை இரண்டாம் முறை வாங்குகிற கூத்து எந்த ஊரிலாவது உண்டா என்று ஒருநாள் கேட்டேன். "ஒரே கலர் சீலையப் பார்டர் மாத்தி நீ எடுக்கறதில்லையா?" என்றார். ஆனால் நான் எடுத்த சீலையை நான் கட்டுகிறேன். இவர் இந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்ததுகூடக் கிடையாது. பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம்.

மொத்தம் நூறு பிரதிதான் அடித்தார்கள். ஆளுக்கு ஒன்று, போனில் முன்பதிவு. பதிவு திறந்த காலையில் இவருடைய போன் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. அழாத குறை. இவருடைய சிநேகிதர் லட்சுமணசாமி அண்ணன் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் பட்டறையில் இருந்த அத்தனை பேர் கையிலும் போனைக் கொடுத்து அமுக்கச் சொன்னாராம். இரண்டு கிடைத்தது. வேறு ஆளாக இருந்தால் ஒன்றை அன்றைக்கே இரண்டு மடங்குக்குத் தள்ளியிருப்பான். அண்ணன் புத்தகத்தின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, "இந்தா சங்கரு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்று இவரிடம் கொடுத்தார். அவருடையதையும் எங்கள் பீரோவிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் சம்சாரம் பிரத்யுஷா கண்ணில் பட்டால் பழைய பேப்பருக்குப் போய்விடும் என்று பயம். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் அண்ணனுடைய பிளாஸ்டிக் கவரின் பின்பக்கம் அடையாளத்துக்கு என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உருவி ஒட்டினார் இவர். அரக்குக் கலர், வட்டப் பொட்டு. நான் எப்போதும் வைப்பது அதுதான்.

பீரோவைத் திறந்து பார்த்தார். மிச்சம் இருந்ததைத் திருப்பினார். பின்னால் பொட்டு இருந்தது.

"என்ற புக்குத்தான் போச்சு" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. பஞ்சை நனைத்து ஓரமாகத் துடைக்கிறேன் என்று சாமிகிட்டே போனார். நான் மறித்தேன். பூஜைக்கு வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் யார் தொடுவார்கள்? எங்கள் அம்மா வீட்டிலும் இல்லை, அவர் வீட்டிலும் இல்லை. பரீட்சை இருந்தாலும் அன்றைக்குத் தொடமாட்டோம்.

"சந்தனம் காஞ்சு உள்ள எறங்கிருமே பிரியா."

"எறங்கட்டுமுங்க. காலைல எடுத்துக்கலாம். இன்னைக்குத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

தொடவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தார். கொண்டைக்கடலைச் சுண்டலை வாயில் போட்டு மெல்ல மறந்து நின்றார். மத்தியானம் போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது, பிறகு நிற்கவே இல்லை. காமிக்ஸ் குரூப். அந்தக் குதிரை அட்டையை வரைந்த ஓவியர் பங்காரு காலையில் காலமாகிவிட்டாராம். மாலை போட்ட போட்டோ ஒன்று வந்தது. கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. அந்தக் கைகளுக்கு நடுவிலேயே ஒருத்தர் குதிரை அட்டை யாரிடமாவது இருக்கிறதா, கேட்கிற விலை தருகிறேன் என்று போட்டிருந்தார். அதற்குப் பிறகு கும்பிடுகிற கைகளைக் காணோம்.

"ஏனுங்க, பெரியவரை இன்னும் எடுக்கக்கூட இல்லையாட்ட இருக்குது. அதுக்குள்ள ஏலம் போடறீங்களே, அடுக்குமா?"

"நானா போட்டேன்?" என்று எரிந்து விழுந்தார். கட்டைவிரல் மட்டும் திரையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் விலை ஏறியிருந்தது போல, முகம் சுண்டிக்கொண்டே போனது. இத்தனைக்கும் இவர் அதை விற்கப்போவதே இல்லை. விற்றால் என்ன வரும் என்று பார்ப்பதே இவருக்குப் பொழப்பு. இப்போது அதுவும் இல்லை.

சாயங்காலம் லட்சுமணசாமி அண்ணன் கூப்பிட்டார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சங்கரு, நியூஸ் பாத்தியா? மனசே செரியில்லப்பா. பட்டறைல பூசை முடிஞ்சிருச்சு, பொரி கொண்டாறேன். அப்பிடியே என்ற குதிரைய எடுத்து வெய்யி."

"விக்கறதுக்கா?"

"தெரியலப்பா. கேக்கறாங்கதான். மொதல்ல கைல வெச்சு ஒருக்காப் பாக்கோணும். இதா, வாரேன்."

போனை வைத்த பிறகு இவர் அமைதியானார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு நேரம் கால் தரையில் பாவாமல் திரிந்த மனிதர் அப்படி அமைதியானால் எங்கேயோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன். பூவும் மாவிலையும் போட்ட குப்பை வாளியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறேன் என்றார். வீட்டுக்கு ஒரு வேலை செய்யாதவருக்கு நல்ல நாளில் என்ன அக்கறை என்று நான் அடுப்படிக்குள் போனேன். திரும்பி வந்தபோது, நான் காலையில் கத்தரித்துக் குப்பையில் போட்ட கவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வாழைச்சாறு ஒட்டியிருந்தது. அதன் பின்பக்கம் அரக்குப் பொட்டு.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் பீரோவைத் திறந்தேன். உள்ளே இருந்த கவரைத் திருப்பினேன். பின்பக்கம் வழுவழுவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது.

"ஏனுங்க, பொட்ட உரிச்சு மாத்தி ஒட்டிட்டீங்களா? என்ன காரியம் இது?"

"கத்தாத. அவன் வித்துத்தான் போடுவான், பாரு. நான் காலத்துக்கும் வெச்சிருப்பேன்."

"அண்ணன் குடுத்ததுதானுங்க அது. ரெண்டுமே."

"தெரியாம அவன்றத எடுத்து வெச்சுட்டேன்னு நீ சொன்னா உன்ன ஒண்ணும் சொல்லமாட்டான். தங்கச்சி மேல அவனுக்கு அம்புட்டுப் பிரியம்."

ஆக, பழியும் என் தலையில். செய்தது நான்தான், கத்தரித்தது என் கைதான், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கெடுத்தது இவருடையதை. அதற்காக நாளெல்லாம் இவரைப் பார்த்துப் பார்த்து மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இப்போது அந்த இரக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணன் வந்ததும் போட்டு உடைத்துவிடலாம். உடைத்தால் இருபது வருஷச் சிநேகிதம் இந்த வாசலோடு முடிந்துவிடும். பேசாமல் இருந்தால் இனி அந்த அண்ணன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

வாசலில் புல்லட் சத்தம் கேட்டது. இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.

ஸ்டிக்கர் பொட்டு அட்டை மாடிப் பாத்ரூம் கண்ணாடியில் இருந்தது. அவ்வளவு நேரம் இல்லை. நெற்றியில் இருந்ததை நகத்தால் உரித்தேன். பீரோவுக்குள் இருந்த கவரின் பின்பக்கம், முன்பு இருந்த அதே மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். பீரோவைச் சாத்தி, ஹாலுக்கு வந்து, சாமிகிட்டே இருந்த வெட்டுப்பட்ட கவரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அண்ணன் பொரிப் பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டார். மேலே இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

"அடக் கடவுளே, இது ஆரோடது?"

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கவர் இருந்த இடத்தைப் பார்த்தார். இடம் காலியாக இருந்தது.

"பீரோவுல ஒண்ணு இருக்குதுங்ணா" என்றேன். "எடுத்துப் பாருங்க. ஏனுங்க, எடுத்துக் குடுங்க."

இவர் எடுத்து வந்தார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கி, குதிரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பினார்.

"இதா, நம்ம பொட்டு" என்று சிரித்தவர், உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டு இவர் தோளைத் தொட்டார். "அப்ப உன்றதா அது? போனாப் போவுது, விடு சங்கரு. இதை நான் விக்கல. ரெண்டு பேருக்கும் ஒண்ணா இங்கயே கெடக்கட்டும்."

இவர் கவரின் மேலிருந்த பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, விளக்கு வெச்ச நேரத்துல நெத்திய இப்பிடியா வெறுசா வெச்சிருப்ப?" என்றார் அண்ணன்.

நெற்றியில் பசை பிசுபிசுத்தது. இவர் போய்ச் சாமிகிட்டே இருந்த குங்குமச் சிமிழை எடுத்தார். திறந்தார். என் பக்கம் ஓரடி வைத்து, அதற்குமேல் வராமல், விரலில் தொட்ட குங்குமத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.