நாற்பத்தெட்டு எலுமிச்சம்பழங்கள்

பால்வண்ணன் பன்னிரண்டு வருஷத்தில் நாற்பத்தெட்டுப் பேரை வண்டி ஏற்றிக் கொன்றிருப்பதாக இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து காலையில் கடிதம் வந்தது. நாற்பத்தெட்டும் எலுமிச்சம்பழம். கணக்கு சரிதான். கார் வாங்கிய அன்று நாலு சக்கரத்துக்கும் நாலு. அப்புறம் பதினோரு ஆயுத பூஜைக்கு நாற்பத்து நாலு. ஆகவே அவரை ஹை ரிஸ்க் டிரைவர் பட்டியலில் சேர்த்திருப்பதாகவும், பழைய பாலிசி மதியம் பன்னிரண்டு மணியோடு முடிவதாகவும், புதுப்பிக்க நேரில் வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது.

வேறு நாளாக இருந்தால் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போயிருப்பார். இன்று முடியாது. மனைவி செண்பகவல்லிக்குக் குழந்தை பிறந்து ஐந்து நாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து வந்த குழந்தை. சாயங்காலம் நாலு மணிக்கு டிஸ்சார்ஜ். அப்பா பெயரில் இன்சூரன்ஸ் உள்ள காரில்தான் குழந்தையை அனுப்புவார்கள். நாலு மணி தாண்டினால் பாலிசி வைத்திருக்கிற வேறு யாருக்காவது ஒதுக்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரி கேட்டிலேயே பெயின்டில் எழுதிப் போட்டிருந்தது.

பால்வண்ணன் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். இருபது வருஷத்தில் ஒரு டெஸ்ட் டியூப் உடைத்ததில்லை. காரை முப்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. ரோட்டில் கோழி நின்றால் கோழி ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருப்பார். பின்னால் லாரிக்காரன் கத்தினாலும் அசைய மாட்டார். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஹை ரிஸ்க். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஹை ரிஸ்க் பிரிவு மூன்றாம் மாடியில், வராந்தாவின் கடைசியில் இருந்தது. அவர் நடக்க நடக்க வராந்தா நீண்டது. நடுநடுவே ஸ்பீடு பிரேக்கர் போட்டிருந்தார்கள். பத்தாவது ஸ்பீடு பிரேக்கரில் ஒரு ப்யூன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க போய்த்தான் முடியும்?" என்றார் பால்வண்ணன்.

"அது உங்க பழைய ரெக்கார்டைப் பொறுத்தது சார்."

நாற்பத்தெட்டாவது ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதும் கதவு வந்தது.

உள்ளே ஹெல்மெட் போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் வடிவு என்று பெயர்ப்பலகை. பால்வண்ணன் உட்கார்ந்ததும் எழுந்து வந்து, நாற்காலியில் இருந்த சீட் பெல்ட்டை அவருக்கு மாட்டிவிட்டாள். பிறகு ஃபைலைத் திறந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களை வரிசையாக அடுக்கினாள்.

"இவரைத் தெரியுதா?"

"எலுமிச்சம்பழம்."

"இவரை?"

"அதுவும் எலுமிச்சம்பழம்தான். மேடம், ஊரே ஆயுத பூஜைக்கு ஏத்துது. என்னை மட்டும் கூப்பிட்டுக் கேட்டா என்ன நியாயம்?"

"ஊர்ல எல்லாரும் ஏத்திட்டு அவங்க பாட்டுக்குப் போயிருதாங்க. நீங்க வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிஞ்சு பாத்திருக்கீங்க."

உண்மைதான். நாலும் ஒழுங்காக நசுங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் பால்வண்ணனுக்குச் சோறு இறங்காது.

"அஞ்சாவது வருஷம் ஒருத்தர் தப்பிச்சு ஓரமா உருண்டு போயிட்டார்," என்றாள் வடிவு. ஒரு போட்டோவைத் தனியாக எடுத்து வைத்தாள். "நீங்க ரிவர்ஸ் எடுத்து, திரும்ப வந்து ஏத்தியிருக்கீங்க. அதுக்கு எங்க ஆபீஸ்ல வேற பேரு."

"அரைகுறையா விடக்கூடாதுன்னு செஞ்சேன்."

"அதைத்தான் நாங்களும் எழுதியிருக்கோம்."

"பன்னெண்டு வருஷத்துல ஒரு க்ளெய்ம் போட்டதில்ல மேடம். ஒரு கீறல் கிடையாது."

"உங்க மேல கீறல் இல்ல. அவங்களைப் பாருங்க."

பால்வண்ணன் போட்டோக்களைப் பார்த்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பிரீமியம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றாள். காரை விற்றால் தொண்ணூறு தேறும். அதைச் சொன்னார். விற்கிறதாக இருந்தால் பிரீமியம் இன்னும் கூடும் என்றாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. அவர் வடிவைக் கையெடுத்துக் கும்பிட்டார். சீட் பெல்ட் இறுக்கியதால் பாதிக் கும்பிடுதான் வந்தது.

"குறைக்க வழியே இல்லையா?"

"ஏதாவது விட்டுக்குடுத்தா குறையும். ரிவர்ஸ் கியர் இனி போட மாட்டேன்னு எழுதிக் குடுங்க. அறுபதாயிரம் போயிரும்."

அந்த ஐந்தாவது வருஷத்துக்குப் பிறகு ரிவர்ஸால் அவருக்கு நல்லது எதுவும் நடந்ததில்லை. எழுதிக் கொடுத்தார்.

"வலது பக்கம் திரும்ப மாட்டேன்னு எழுதினா இன்னொரு அறுபது."

ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து வலது பக்கம் திரும்பினால் வீடு ஐந்து நிமிஷம். இடது பக்கமாகவே போனாலும் பூமி உருண்டைதானே, எப்படியும் வந்து சேரலாம் என்று கணக்குப் போட்டார். அதையும் எழுதிக் கொடுத்தார். மிச்சம் இருபதாயிரத்தை எண்ணி வைத்தார்.

வடிவு பாலிசியில் சீல் குத்தினாள். "இனிமே ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கினாலும் பாலிசி ரத்து. காரை நாங்க எடுத்துக்கிடுவோம்."

"சரி."

"உள்ள இருக்கிறவங்களையும்."

"உள்ள என் பொண்டாட்டி பிள்ளைல்லா இருக்கும்!"

"அவங்களையும்தான்."

சண்டை போட நேரமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்றரைக் கிலோமீட்டர். இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போனதில் ஒரே சலூனைப் பதினோரு தடவை தாண்டினார். உள்ளே ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பதினோராம் தடவை பார்த்தபோது வெட்டிய முடி மறுபடி வளர்ந்து, அவரே மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

செண்பகவல்லி குழந்தையோடு பின் சீட்டில் ஏறினாள். பெண் குழந்தை. கையில் கட்டியிருந்த சீட்டில் 'செண்பகவல்லியின் குழந்தை, பெண், 2.9 கிலோ' என்று எழுதியிருந்தது. பெயர் இன்னும் வைக்கவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் ஆவுடையம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பால்வண்ணன் கண்ணாடியில் குழந்தையைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் மறந்துபோய் அவருக்குக் கண் கலங்கியது.

சாவியைத் திருகினார். அப்போதுதான் ஆவுடையம்மாள் காரைச் சுற்றி வந்து முன் சீட்டில் ஏறினாள். கையில் காலிப் பை.

"எடுங்க மாப்ளே."

"அத்தை, பையில என்ன இருந்துச்சு?"

"பச்சைப்பிள்ளை மொதமொத வண்டியில போகுது. சும்மாவா போறது? நாலு சக்கரத்துக்கும் வச்சிருக்கேன்."

பால்வண்ணன் இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கில் தலையை இரண்டு தடவை முட்டினார். பிறகு விஷயத்தைச் சொன்னார். முதலிலிருந்து, ஒன்று விடாமல் சொன்னார். ஆவுடையம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிதான். வச்ச பழத்தை எடுக்கப்படாது மாப்ளே. ஏத்தித்தான் போகணும்."

"ஏத்தினா உங்க பேத்தியைத் தூக்கிட்டுப் போயிருவாங்க!"

"எடுத்தா பிள்ளைக்கு ஆகாது."

அவர் இறங்கிக் குனிந்தார். பழத்தின் பக்கம் கை போனதும் மூன்று மாடி ஜன்னல்களிலும் நோயாளிகள் எழுந்து நின்று, "தொடாதீங்க!" என்று கத்தினார்கள். டாக்டரும் சேர்ந்து கத்தினார். வண்டியைப் பின்னால் எடுத்து, பழத்தை ஒதுக்கிப் போகலாம் என்றால், ரிவர்ஸை எழுதிக் கொடுத்தாயிற்று. அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"அத்தான், என்னதான் செய்யப் போறீங்க?" என்றாள் செண்பகவல்லி.

"ஒரு அஞ்சு நிமிஷம் இரு. அத்தை மனசு மாறுவா."

அத்தை மனசு மாறவில்லை. கேன்டீனிலிருந்து சாப்பாடு வந்தது. குழந்தை காருக்குள்ளேயே குப்புற விழுந்தது. பல் முளைத்தது. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே நடக்கவும் படிக்கவும் பழகியது. நாலு மணிக்குள் காரில் ஏறிவிட்டதால் வேறு யாருக்கும் ஒதுக்கவில்லை. ஆனால் கேட்டைத் தாண்ட மட்டும் விடவில்லை, ஏனென்றால் பதிவேட்டில் அது இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வடிவு ஹெல்மெட்டோடு வருவாள். காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். "நாலு பேரும் நல்லா இருக்காங்க," என்று குறித்துக்கொள்வாள். பழங்கள் வாடவே இல்லை. விபத்தே செய்யாததால் பிரீமியம் வருஷாவருஷம் குறைந்தது. பதினைந்தாம் வருஷம் மாவட்டத்திலேயே பத்திரமான டிரைவர் என்று பால்வண்ணனுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். அதை வைக்க வீட்டுக்குப் போக முடியவில்லை. அவர் அதை டேஷ்போர்டில் வைத்து, தினமும் அதன் முகத்தில் விழித்து எரிந்து விழுந்தார். "ஷீல்டாம் ஷீல்டு. என் பிள்ளை இன்னும் வீட்டு வாசப்படி மிதிக்கல."

பதினெட்டாம் வருஷம் வடிவு டார்ச்சோடு வந்த அன்று, மகள் காரின் முன் கதவைத் திறந்தாள். கையில் தபாலில் வந்த புது லைசன்ஸ்.

"அப்பா, பின்னால அம்மாகூடப் போய் உக்காருங்க."

"பழம் இருக்கும்மா."

"தெரியும்."

அவள் சாவியைத் திருகினாள். கார் அசைந்தது. கீழே மூன்று சத்தம் கேட்டது. செண்பகவல்லி பால்வண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆவுடையம்மாள் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வடிவு ஓடி வந்து ஃபாரத்தை விரித்தாள். "வண்டி ஜப்தி. உள்ள இருக்கிறவங்களும். ஓட்டினவங்க பேரு?"

மகள் லைசன்ஸை நீட்டினாள். 'செண்பகவல்லியின் குழந்தை, பெண், 2.9 கிலோ.'

"பேரு எங்க?"

"வீட்டுக்குப் போய்த்தான் வைக்கணும்."

"பேரு இல்லாம ஃபாரம் எழுத முடியாது." வடிவு விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "2.9 கிலோவுக்கு இதுல இடமே இல்லையே." அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

அதற்குள் மகள் வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தாள். "ஒண்ணு தப்பிச்சு ஓரமா உருண்டுட்டுப்பா."

"போதும், வந்து ஏறும்மா," என்று பால்வண்ணன் கெஞ்சினார்.

"அரைகுறையா விடக்கூடாதுல்லா," என்று சொல்லி அவள் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியர் போட்டாள். அவள் அதை யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. திரும்ப வந்து நாலாவதையும் ஏற்றினாள். கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பினாள்.