எண்பத்தொன்பது கிலோ பெலன்

2022 ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓர்ஸ் ஹில் குன்றில் இருக்கிற புஸ்பராணிக்கு எண்பத்தொன்பது கிலோ பெலன் வந்தது. அதற்கு முதல் நாள்வரை மூட்டுவாதக் கைகளால் அவளுக்கு அரிசிப்பையைக் குசினிக்குள் இழுக்கவே ஏலாது. கணவர் ஞானசேகரம் பாரிசவாதத்தில் விழுந்து ஐந்து மாதம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டாவிட்டால் முதுகுப்புண் எலும்பைத் தொடும், பிறகு ஆள் தப்பாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு இளந்தாரிகள் இரண்டு பேர் ஒருதடவை வந்து புரட்டிவிட்டு மூச்சுவாங்கிக்கொண்டு போனவர்கள், போனவர்கள்தான். போதகர் வந்து, எபிரேயத் தீர்க்கதரிசி ஒருவர் அந்தக் காலத்தில் சொல்லிவைத்ததை எடுத்துச் சொன்னார்: வாலிபர் களைத்து விழுவார்களாம், பெலனில்லாதவருக்குக் கடவுள் பெலன் கொடுப்பாராம். புஸ்பராணி அழவுமில்லை, ஆமென் சொல்லவுமில்லை. போதகருக்குச் சீனியில்லாத பிளேன்ரீ கொடுத்து அனுப்பினாள். விடிந்ததும் கணவரைத் தலையணைபோலத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டுப் படுக்கை விரிப்பை உதறினாள்.

உட்துறைமுகக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிற மூதூர் நிப்றாஸ் கேள்விப்பட்டு வந்து கூட்டிப்போனான். எழுபது கிலோ எஞ்சினை அவள் பலாப்பழம் மாதிரித் தூக்கி வைத்தாள். தொண்ணூற்றாறு கிலோ எஞ்சின் அசையவில்லை. நிப்றாஸ் யோசித்துவிட்டு மீன் தராசை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞானசேகரத்தைச் சாக்கில் இருத்தி நிறுத்துப் பார்த்தான். எண்பத்தொன்பது. கடவுள் கணவரின் நிறைக்கு மட்டும் அளந்து கொடுத்திருக்கிறார், ஒரு சுண்டும் கூடவில்லை.

"அக்கா, ஐயாவை இன்னும் ஏழு கிலோ ஏத்துங்கோ, சாப்பாடு என்ர பொறுப்பு."

அன்றிலிருந்து நிப்றாஸ் வீட்டுப் புரியாணியும் வட்டிலப்பமும் மலையேறின. வீட்டில் ஃபிரிட்ஜைத் தூக்கி இடம்மாற்ற அவளைக் கூப்பிட்டவர்கள் சூடைமீன் குழம்பு அனுப்பினார்கள்.

"எனக்கில்லைப் புஸ்பம், எஞ்சினுக்குத் தீத்துறாங்கள்" என்றார் ஞானசேகரம், பாதி வாயால்.

"எஞ்சினுக்கு வாயில்லை. நீங்கள் ஆவெண்டுங்கோ."

அவர் தொண்ணூற்றாறைத் தொட்ட கிழமை எஞ்சின் படகேறியது. முதுகுப்புண்ணும் ஆறிப்போனது.

2024 மார்கழியில் இரண்டாவது தடவை பாரிசவாதம் அடித்தது. விழுங்க ஏலாமல் போக, அவர் எழுபது, ஐம்பத்தெட்டு, நாற்பத்தைந்து என்று இறங்கினார். அவளுடைய பெலனும் கூடவே இறங்கியது. ஃபிரிட்ஜ்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். நிப்றாஸ் மட்டும் சூப்போடு வந்து, "தூக்க ஒண்டுமில்லை அக்கா, சும்மா வந்தனான்" என்றான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அவள் புரட்டினாள். ஒவ்வொரு தடவையும் பெலன் மட்டுமட்டாகப் போதுமாயிருந்தது. பங்குனியில் அவர் நாற்பத்தொரு கிலோவில், முதுகில் ஒரு கீறல்கூட இல்லாமல் செத்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டு அவள் அடுப்பை அணைத்துச் சோற்று உலையை இறக்கினாள்.

ஒழுங்கையில் வாகனம் ஏறாது என்பதால் இளந்தாரிகள் நால்வர் சவப்பெட்டியைத் தோளில் வைத்து இறங்கினார்கள். பெண்கள் பின்னால் வரட்டும் என்று யாரோ சொன்னது காதில் விழாதவள்போலப் புஸ்பராணி ஒரு பக்கம் கைகொடுத்து நடந்தாள். பாதிவழியில் முன்னால் போனவன் திரும்பினான்.

"அன்ரி, ஐயா உள்ளுக்க இருக்கிறாரோ? பலகைப் பாரம்தானே தெரியுது."

"ஓம், இருக்கிறார். அவரை நான் பிடிச்சிருக்கிறன். நீங்கள் பெட்டியைப் பிடியுங்கோ."

அவர்கள் சரியென்று தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.