இருபத்திரண்டாவது நிமிஷம்

நான் செத்துப்போன விஷயம் எனக்கே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனில்தான் தெரியவந்தது. பஸ் டிப்போவில் என்னோடு வேலை பார்த்த செக்கர் கூப்பிட்டான். நான் "ஹலோ" என்றேன்.

"யார் பேசறது?"

"என் நம்பருக்குப் போன் பண்ணிட்டு யாருன்னு கேக்கற. நான்தான்டா."

"நீ போயிட்டேன்னு உன் பையன் வீடியோவுல அழறானே! வீட்டுல யாராவது எடுப்பாங்க, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

என் மகன் பேச்சாளன். தொழில்முனைவோர் பயிற்சி மையத்தின் நிறுவனர் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறான். மையம் என்பது எங்கள் வீட்டு முன்னறை. அங்கே ஒரு வெள்ளைப் பலகையும், வீடியோ எடுக்க வளையம் மாதிரி ஒரு விளக்கும் இருக்கின்றன. முன்பு கோப்பையிலும் பனியனிலும் படம் அச்சடித்துத் தரும் கடை வைத்திருந்தான். கடை பதினோரு மாதம் நடந்தது. அந்தக் கடை எப்படிப் படுத்தது என்று பேசுவது ஆறாவது வருஷமாக நடக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, கடையைவிட இது நன்றாகவே ஓடுகிறது.

போனை வைத்த கையோடு முன்னறைக்குப் போனேன்.

"ஏன்டா, என்னைக் கொன்னுட்டியாமே?"

"அப்பா, அது கதைக்காக. ஒரு இழப்பு இல்லாம ஜனங்க நம்ப மாட்டாங்க."

"கடை போச்சே, அது போதாதா?"

"கடை எல்லாருக்கும்தான் போகுது."

மருமகள்தான் மையத்தின் மேனேஜர். "மனசுல வச்சுக்காதீங்க மாமா. நீங்க இருபத்திரண்டாவது நிமிஷத்துல போறீங்க. மொத்தப் பேச்சுலயும் அந்த இடத்துலதான் ஜனங்க உருகிடறாங்க" என்றாள். என்னைத் தேற்றுகிறாளாம்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு விஷயத்தில். என் மனைவி நிஜமாகவே போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி அவன் எந்த மேடையிலும் வாய் திறந்ததில்லை.

அன்றிலிருந்து, வெளியாள் யாராவது வந்தால் வீட்டில் நான் பெரியப்பா. ஒருநாள் ஒரு ஜவுளி வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

"உங்க தம்பி பெரிய மனுஷன் சார்."

"கொஞ்சம் முன்கோபி" என்றேன்.

"யாரு, அவரா? கூடப் பிறந்துட்டு இப்படிப் பேசலாமா? கடைசியா அவர் சொன்ன வார்த்தையை என் கடைச் சுவத்துல எழுதி வச்சிருக்கேன்" என்று என்னிடமே எனக்காகச் சண்டைக்கு வந்தார். என்ன வார்த்தை என்று கேட்கவும் முடியவில்லை. தம்பியின் கடைசி வார்த்தை அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? என்னுடையது பட்டன் போன், வீடியோவைப் பார்க்கவும் வழியில்லை.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. கூட்டம் நடக்கும் மண்டபத்திலிருந்து அவன் எனக்குப் போன் போடுவான், நான் எடுக்கக் கூடாது. "மைக் டெஸ்டிங்ப்பா. மணி அடிச்சா போதும்" என்று ரொம்ப நாளாகவே சொல்லிவைத்திருந்தான். முப்பத்தோரு வருஷம் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஆபீஸ் போனை மூன்றாவது மணிக்குள் எடுத்தே பழகிய கை. மேசையில் அது அடித்து ஓய்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டம்தான் அவன் ஆறு வருஷமாகக் காத்திருந்தது. ஃப்ரிட்ஜுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையின் முதலாளியம்மா தன் ஆட்களோடு வருவதாக இருந்தது. பேச்சு பிடித்துப்போனால் வருஷம் முழுக்க அவர்கள் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கப்போவது இவன்தான். முன்னறையைக் காலி செய்துவிட்டு நிஜமான ஆபீசுக்குப் போகலாம். ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மகனும் மருமகளும் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து நானும் கிளம்பினேன். கெடுக்கப் போகவில்லை, நம்புங்கள். நான் கடைசியாக என்ன சொன்னேன் என்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கமாக எந்த மண்டபத்திலும் போனை அணைக்கச் சொல்வார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மகன் பேச ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். என் பிள்ளைக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. இருபத்தோராவது நிமிஷத்தில் தண்ணீர் குடித்தான். விளக்கு மங்கியது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

"கடையை மூடின நாலாம் நாள். அப்பா என் கையைப் பிடிச்சார். 'நீ தோக்கலடா. கடைதான் தோத்துச்சு. எந்திரி, நான் இருக்கேன்'னார். அதுதான் அவர் கடைசியாப் பேசினது."

'நான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டுச் செத்திருக்கிறேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடை மூடிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஷட்டரை இறக்கிவிட்டு வந்தவன் வீட்டுக்குள் வராமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நான் டூட்டிக்குக் கிளம்பி அவனைத் தாண்டித்தான் கீழே இறங்கினேன். "நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டியா?" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மேடையில் செத்தவன் என்னைவிட நல்ல அப்பா. அவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

மேடையில் மகன் தன் போனை எடுத்தான்.

"அப்பா இருக்கறவங்க எல்லாரும் இப்பவே அவருக்குப் போன் போடுங்க. நானும் போடறேன். இந்த நம்பரை இன்னும் அழிக்கல. மணி அடிக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க. உங்களுக்கு எடுக்க ஆள் இருக்கு."

ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தான். மைக் டெஸ்டிங் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்த நொடியில் என் சட்டைப்பை அடிக்க ஆரம்பித்தது. எனக்குக் காது மந்தம் என்று சத்தத்தை முழுசாகக் கூட்டிவைத்துக் கொடுத்தவள் மருமகள்தான்.

மேடையில் ஒரு மணி அடித்தால் கடைசி வரிசையில் ஒரு மணி அடித்தது. தலைகள் திரும்பின. அணைக்கத்தான் எடுத்தேன், சத்தியமாக. மூன்றாவது மணி வந்துவிட்டது. கை என் பேச்சைக் கேட்கவில்லை.

"சொல்லுப்பா" என்றேன்.

மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டது.

அவன் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாயால் பிழைக்கிறவன். "அப்பா" என்று மட்டும் சொன்னான். அதுவும் மைக்கில் கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

முதலாளியம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"உடம்பு சௌக்கியமா சார்?"

"இருக்கேம்மா."

"சந்தோஷம். உங்க பிள்ளைகிட்ட சொல்லிடுங்க, எங்க ஆளுங்களுக்குப் பயிற்சி வேணாம்."

அவர் பின்னாலேயே எல்லாரும் வெளியேறினார்கள். இரண்டு பேர் மட்டும் வாசலில் நின்று, "இல்லப்பா, ஒண்ணும் இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டைக்காரர் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

மருமகள் என்னைப் பார்க்காமல் பேனரைச் சுருட்டினாள். மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். மகன் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தான். அன்று மாடிப்படியில் உட்கார்ந்த அதே மாதிரி, முழங்கால்மேல் கை, தலை தொங்கிப்போய். தாண்டிப் போக வழி இருந்தது. போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். வாயில் அது வரவில்லை.

"நீ தோக்கலடா" என்றேன். "கடைதான்... அதான், இந்தக் கூட்டம்தான் தோத்துச்சு. எந்திரி. நான்..."

அவன் தலை நிமிராமலே சொன்னான்:

"முதல்ல கையைப் பிடிக்கணும்ப்பா."

பிடித்தேன். விரல்கள் சில்லென்றிருந்தன. பிறகு முதலிலிருந்து சொன்னேன்.