தட்டாத கை

நடுவர் உடும்பின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தபோதே, தோற்றுப்போன தச்சன் வந்து அவனைக் கட்டிக்கொண்டான். கூண்டுக்கு வெளியே கூட்டம் காது கிழியக் கத்தியது. தோற்றவன் ஜெயித்தவனைக் கட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம்தான். இரண்டு பேரும் பல்லைக் காட்டுவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். தச்சன் பல்லைக் காட்டவில்லை. காதோடு காதாக, "நீ தட்டினே. தட்டினதாலதான் நான் விட்டேன்" என்று சொல்லிவிட்டு, புருவத்தில் ரத்தம் வழிய இறங்கிப் போனான்.

உடும்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதாவது, போட்டுக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தான். காது அவன் பேச்சைக் கேட்டால்தானே!

உடும்பு என்பது கூண்டுச் சண்டையில் அவனுக்குக் கிடைத்த பெயர். பிடித்தால் விடமாட்டான். குத்து, உதை, மல்யுத்தம், முறுக்கு எல்லாம் கலந்த அந்தச் சண்டையில் கழுத்தோ கையோ வசமாக மாட்டிக்கொண்டால், எதிராளியின் உடம்பில் கையால் தட்டலாம். 'தோத்துட்டேன், விடு' என்று அர்த்தம். தட்டிய நொடியில் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் எலும்பு ஒடியும், உயிர்கூடப் போகும். பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் தினம் தட்டுவார்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் போட்டியில் உடும்பு ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. சுவரொட்டியில் அவன் படத்துக்குக் கீழே 'தட்டாத கை' என்றுதான் போடுவார்கள். சின்ன வயசில் அம்மா சொல்லை அத்தனை தட்டினவனுக்கு வந்த பட்டத்தைப் பார் என்று அவன் அக்கா கேலி செய்வாள்.

அதே தச்சனோடு மறுபடி மோத வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஆஹா, இதற்குத்தான் அன்றைக்கே ஓதிவிட்டுப் போனானா என்று உடும்பு பல்லைக் கடித்தான். ஆள் மனசைக் கலைக்கப் பார்க்கிறான்.

இருந்தாலும் பழைய சண்டையின் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தான். தச்சன் அவன் தலையைக் கக்கத்தில் இடுக்கிக் கழுத்தை இறுக்குகிறான். இருவரும் கம்பிவலையை ஒட்டிக் கிடக்கிறார்கள். நடுவரும் கேமராக்களும் ஒரு பக்கம். மறுபக்கத்தில் உடும்பின் இடது கை தச்சனின் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்துவிடுகிறது. திடீரென்று பிடி தளர்கிறது. உடும்பு தலையை உருவிக்கொண்டு மேலே ஏறி, நடுவர் வந்து பிரிக்கும்வரை வெளுக்கிறான். உருவிக்கொண்டது தன் சாமர்த்தியம் என்றுதான் இத்தனை நாள் மார் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்த மறுபக்கத்தில், வலைக்கு வெளியே, ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். மாமா. அவன் அக்கா புருஷன். பயிற்சி கொடுப்பது, சண்டைக்கு நடுவே தண்ணீர் கொடுப்பது, ரத்தம் துடைப்பது எல்லாம் அவர்தான்.

"மாமா, அன்னைக்கு நான் தட்டினேனா?"

"வீடியோல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன மாப்ளே? கயிறை எடு, குதி."

பிடி கொடுக்காமல் பேசுவதில் மனுஷன் கெட்டிக்காரர். 'நீ தட்டல' என்று இரண்டு வார்த்தை சொன்னால் வாயில் முள்ளா குத்திவிடும்? மற்ற சண்டைகளையெல்லாம் அடிக்கு அடி வர்ணிப்பவர், இந்த வெற்றியைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை என்பது அப்போதுதான் உடும்புக்கு உறைத்தது.

மறுநாள் பொறுக்கமாட்டாமல் தச்சனின் பட்டறைக்கே போனான். சண்டை இல்லாத நாட்களில் தச்சன் நிஜமாகவே தச்சன்தான். மரத்தூள் அப்பிய கையோடு ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். புருவத்தில் தையல் தழும்பு.

"எதுக்குடா புளுகினே?"

"புளுகல. இப்படித் தட்டினே." தச்சன் பலகையில் தட்டிக் காட்டினான். சட்டென்று இரண்டு. ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம் ஒன்று.

உடும்பு அந்தப் பலகையையே பார்த்தான். மற்றவர்கள் படபடவென்று தட்டுவார்கள். இந்த மாதிரி, விருந்தாளி கதவைத் தட்டுகிற மாதிரி, அவன் ஒருவன்தான் தட்டுவான். பயிற்சிக் கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் தச்சன் அந்தக் கூடத்தில் காலே வைத்ததில்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

"உன் கைதான். நீ தட்டினே, நான் விட்டேன். விட்டதுக்கு நீ குடுத்த பரிசு இது." புருவத்தைத் தொட்டுக் காட்டினான். "அடுத்த தடவை நீ தட்டினாலும் விடமாட்டேன். நடுவர் வந்து பிரிக்கட்டும். அதுக்குள்ள என்ன ஒடியுதோ ஒடியட்டும்."

உடும்புக்குப் பயம் வந்தது, அதை மறைப்பானேன். தட்டினால் விடுவான் என்ற நம்பிக்கையில்தானே அவனவன் கழுத்தைக் கொண்டுபோய் அடுத்தவன் கையில் கொடுக்கிறான்? ஆனால் அந்தப் பயத்தைவிட இன்னொரு எண்ணம்தான் அவனைப் போட்டுக் குடைந்தது. கூடத்து ரகசியம் பட்டறைக்கு எப்படிப் போனது?

அன்று முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாமாவைக் கவனித்தான். அவர் போன் பேச வெளியே போனால் இவனுக்கு உடனே தாகம் எடுக்கும், பின்னாலேயே போவான். அவர் இருமினால்கூட யாருக்கோ சைகையோ என்று தோன்றியது. கடைசியில் அக்கா வீட்டுக்கே போய் மெல்ல வாயைக் கிளறினான்.

"அக்கா, மாமா இப்பல்லாம் எங்க போறாரு?"

"அவரா? கடைக்கு அனுப்பினா வாங்க வேண்டியதை மறந்துட்டு வெறும் பையோட வர்ற மனுஷன். எங்க போவாரு?" என்று சிரித்த அக்கா, "அதிசயமா எனக்கு ஒரு அலமாரி செஞ்சு வாங்கிட்டு வந்திருக்காரு, பாரேன்" என்று சமையலறையைக் காட்டினாள். புது மரவாசனை அடித்தது. "உன்கூடச் சண்டை போட்டானே, அவன் பட்டறையிலதானாம். கைவேலை சுத்தமா இல்ல?"

கையும் களவுமாக! உடும்புக்குக் கண் இருண்டது. சொந்த அக்கா புருஷன்! அங்கிருந்து நேரே கூடத்துக்கு ஓடினான்.

"அலமாரிக்கு என்னை வித்துட்டீங்களா மாமா?"

மாமா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிம்மதி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

"மன்னிப்புக் கேக்கப் போனேன்டா. அவன் முன்னாடி நின்னா வாய் வரல. என்ன வேணும்னு கேட்டான். அலமாரி வேணும்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

"எதுக்கு மன்னிப்பு?"

"நீ தட்டினதை நான் பாத்தேன். பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"பொய்! எனக்கு ஞாபகம் இல்லியே!"

"கழுத்து இறுகினா ஞாபகம் எங்கடா இருக்கும்?"

உடும்பு விடவில்லை, அவன் பெயரே அதுதானே. போனை எடுத்துப் படம் பிடிக்கிற மாதிரி இடது பக்கப் பெஞ்சில் சாய்த்து வைத்தான். மாமா ஏதும் தில்லுமுல்லு செய்தால் அதில் மாட்டுவார். "அதே பிடியைப் போடுங்க. நான் தட்டமாட்டேன். என்ன ஆனாலும் சரி" என்று தலையைக் கொடுத்தான்.

மாமா இறுக்கினார். தட்டாதே, தட்டாதே என்று உடும்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காதுக்குள் இரைச்சல் வந்தது. விளக்கு வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியானது. பிறகு கூரை தெரிந்தது. மாமா அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, நான் தட்டல" என்றான், குழறிக்கொண்டே.

மாமா போனை எடுத்துக் கொடுத்தார். அதில் உடும்பின் இடது கை, அவனைக் கேட்காமல், மாமாவின் முதுகில் தட்டியது. இரண்டு. இடைவெளி. ஒன்று. அப்புறம்தான் மாமா பிடியை விட்டார்.

உடும்பு அந்தத் துண்டுப் படத்தை மறுபடி மறுபடி ஓட்டினான். அத்தனை பேரையும் சந்தேகப்பட்டானே, தோளில் தொங்கிக்கொண்டிருந்த இந்தக் கையை ஒரு தடவை சந்தேகப்பட்டானா? அவமானத்தில் அழுகை வந்தது. அழுதான்.

"உன்னைத் தட்டிக் கேக்க வேண்டியவனே நான்தான் மாப்ளே" என்றார் மாமா. "நீ ஜெயிச்ச சந்தோஷத்துல தட்டிக் கழிச்சுட்டேன்."

சண்டைக்கு முதல் நாள் இருவரையும் மேடையில் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். முறைத்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் தள்ளிக்கொள்ள வேண்டும். கூட்டம் அதற்குத்தான் வந்திருந்தது. பின்னால் 'தட்டாத கை' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. இந்தத் தடவை எல்லாப் பக்கமும் கேமரா இருந்தது.

உடும்பின் இடது கை எழுந்தது. அடிக்கப் போகிறான் என்று காவலாளி பாய்ந்து வந்தார். கை தச்சனின் தோளில் இறங்கியது. இரண்டு. இடைவெளி. ஒன்று.

"போன சண்டையில நான் தட்டினேன்" என்றான் உடும்பு ஒலிவாங்கியில். "இவன் விட்டான். நடுவர் பாக்கல. ஜெயிச்சது இவன்தான்."

கூட்டம் ஊளையிட்டது. சண்டையை நடத்துகிறவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேடைக்குக் கீழே மாமா மட்டும் நிமிர்ந்து நின்றார். தச்சன், இதுவும் ஏதாவது தந்திரமோ என்று உடும்பை ஏற இறங்கப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நாளைக்கு?" என்று உடும்பு தணிந்த குரலில் கேட்டான்.

"தட்டினா விடுவேன்" என்றான் தச்சன். முதல் தடவையாக அவன் பல் தெரிந்தது. "ஆனா நீ தட்டுற வரைக்கும் விடமாட்டேன்."