இடம் மாறிய நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

இந்தக் காலத்துப் படித்தவர்களுக்கு ஒழுங்காகச் சண்டை போடக்கூடத் தெரியவில்லை. நாங்கள் அடித்துக்கொண்டால் எதற்கென்று தெருவுக்கே விளங்கும். இவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் எனக்கு விளங்கவே அரைமணி நேரம் ஆனது.

ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கும் கட்டடத்தில் நான் காவலாளி. மத்தியானம் மாடியில் நாற்காலி விழுந்த சத்தம். ஓடினேன். ஓட்டமென்றால் என் முழங்கால் விட்ட அளவுக்கு.

கண்ணாடிக்காரி நெட்டையனின் காலரைப் பிடித்து அவனைச் சுவரில் மோதவிட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே அறை, ஒரே பேராசிரியர். அவன் மூக்கிலிருந்து ரத்தம் சட்டைப்பை வரை இறங்கியிருந்தது.

"ரெண்டு வருஷம்டா! நானூத்திப் பன்னெண்டு கட்டுரை! ஒவ்வொண்ணா படிச்சேன்டா!"

"உதவி பண்ணத்தானே..."

"உன் உதவியில இடி விழ!"

காகிதத்தில் துளை போடும் இரும்பு மெஷினை எடுத்து ஓங்கினாள். நடுவில் புகுந்தேன். அது என் தோளில் இறங்கியது. "ஐயோ தாத்தா!" என்றாள். சொல்லிக்கொண்டே அவனுக்கு இன்னொரு உதை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் எக்செல் கட்டங்கள். வரிக்கு ஒரு கட்டுரை. முதல் கட்டத்தில் எழுதியவர் பெயர், கடைசியில் அவர் என்ன கண்டுபிடித்தார் என்று இவள் எழுதிய குறிப்பு. இந்தப் புண்ணியவான் பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கிவிட்டான். பெயர்கள் நகர்ந்தன, குறிப்புகள் நின்ற இடத்திலேயே நின்றன. பிணவறையில் சீட்டு மாறின மாதிரி. நாளைக் காலை பேராசிரியரிடம் இதைக் கொடுக்காவிட்டால் இந்த வருஷம் அவளுக்குப் பட்டம் இல்லை.

"பழசு திரும்ப வராதா?" என்றேன்.

"சேவ் பண்ணி மூடிட்டான் தாத்தா, எருமை!"

எருமைக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. "போன மாசம் என் ஃபைலை அழிச்சது யாரு?" என்று அவள் மணிக்கட்டை முறுக்கினான். அவள் மூக்குக்கண்ணாடி தெறித்து அவன் செருப்படியில் நொறுங்கியது. அவள் அவன் கையைக் கடித்தாள். நான் தடியை மேஜையில் ஓங்கி அடித்தேன். மேஜைக் கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. அதற்குத்தான் அடங்கினார்கள்.

பிளந்த கண்ணாடிக்கு அடியில் கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தது. அதே மாதிரி தாள்களை எங்கோ பார்த்த ஞாபகம். போன வாரம் இவள் குப்பையில் போட்ட ஒரு கட்டு. என் நாற்காலி பள்ளமாயிற்றே என்று எடுத்து அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

கொண்டுவந்து போட்டேன். பெயர்கள் இடம் மாறுவதற்கு முன் அச்சடித்த பழைய பட்டியல், நானூறு வரி இருந்தது. "மிச்சம் பன்னெண்டு எனக்கு ஞாபகம் இருக்கு" என்று அழுதாள்.

தரையில் உட்கார்ந்து அவன் படிக்க, அவள் மூக்குக்கண்ணாடியில் மிஞ்சிய ஒரு சில்லைக் கண்ணில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினாள். முப்பத்தேழாவது வரியின்மேல் அவன் மூக்கு ரத்தம் சொட்டியது.

"துடைடா, பேரு தெரியல."

"நீ உடைச்ச மூக்குதான்."

இருவரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா தாத்தா, சமாதானமாயிட்டோம். இனிமே எல்லாக் கட்டத்தையும் சேர்த்துப் பிடிச்சுத்தான் அடுக்குவோம்" என்றாள்.

"சரி" என்றேன். துளை மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேஜையில் கிடந்த கத்தரிக்கோலையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். சமாதானமாம்.